தனி அறை, ஐந்து நாள்

பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள அந்த லாட்ஜில் மொத்தம் இருபத்திரண்டு அறைகள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போய்க் கேட்டால் அதில் பத்து காணாமல் போயிருக்கும். சாதாரண அறைகளின் சாவிகளைப் பலகையிலிருந்து கழற்றி, இழுப்பறையில் பழைய செய்தித்தாளுக்கு அடியில் போட்டுவிடுவார் கவுன்டர்க்காரர். கொக்கிகள் காலியாகத் தெரியும். பயணக் களைப்போடு, தோளில் தூங்கும் குழந்தையோடு வந்து நிற்பவர்கள் அந்தக் காலிக் கொக்கிகளைப் பார்ப்பார்கள்.

“சாதாரணம் ஃபுல்லுங்க. டீலக்ஸ் ஒண்ணே ஒண்ணு இருக்கு” என்பார்.

அந்த ஒண்ணே ஒண்ணை ஒரே சாயங்காலத்தில் ஆறு குடும்பங்களுக்குக் கொடுத்த பெருமை அவருக்கு உண்டு. வாடகையில் கூடுதலாக வருவதில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு. முதலாளியே பார்த்து வைத்த ஏற்பாடு.

லாட்ஜில் எல்லோருக்கும் அவர் சாவி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஐம்பத்து மூன்று வயது, இருபத்தாறு வருட கவுன்டர். எதிரே நிற்பவர் நீட்டி முழக்கிப் பேசத் தொடங்கினால், வலது உள்ளங்கையைத் தன் நெஞ்சுக்கு நேரே உயர்த்திக் காட்டுவார். நாற்சந்தியில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவது மாதிரி. பேச்சு நின்றுவிடும். குறைத்துக் கேட்பவர்கள், அழுபவர்கள், மந்திரியைத் தெரியும் என்பவர்கள், எல்லோரும் அந்தக் கைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள்.

அவருடைய அறிவு இரண்டே வரி. முதலில் காட்டுகிற அறை மோசமான அறை. கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் உண்மை பேசினால் அவன் அந்த வேலைக்கு லாயக்கில்லாதவன்.

லாட்ஜில் நாலு மாடி, ஒரு லிஃப்ட். அதை ஓட்டுகிறவருக்கு ஏறுஇறங்கு என்று பட்டம். சாவிக்கு இருந்த ஒரே நண்பர் அவர்தான். சாவி குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். ஐம்பத்து நாலு படிகள். எண்ணிக்கை சாவியுடையது அல்ல, அவர் மனைவியுடையது. அவளுக்கு வலது இடுப்பு மூட்டு தேய்ந்து போயிருந்தது. தேய்ந்த மூட்டுக்காரர்களுக்குப் படிகளின் கணக்கு தப்பாது.

அவள் வீட்டில் உட்கார்ந்து லாட்ஜுகளுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்தாள். உறை ஒன்றுக்கு ஏழு ரூபாய். ஏழு ஏழாகச் சேர்த்து, பதினோரு வருடத்தில் ஒன்றரை லட்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்திருந்தாள். அதே கட்டடத்தின் தரைத்தளத்து வீட்டுக்கு முன்பணம் சரியாக ஒன்றரை லட்சம். அங்கே இருக்கிற குடும்பம் என்றைக்காவது காலி செய்யும், அன்றைக்கு அந்தக் கதவு வழியாகப் படியே ஏறாமல் வீட்டுக்குள் போய்விட வேண்டும். அவளுக்கு வேறு ஆசைகள் இருந்ததாகத் தெரியவில்லை. மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்கு இந்தப் பணத்தைத் தொடக் கூடாது என்பதால்தான் காப்பீட்டுப் பேச்சே வந்தது.

பாலிசி கொண்டுவந்தவன் அவளுடைய தம்பி. காலையில் தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் விற்பான், மாலையில் மருத்துவக் காப்பீடு விற்பான். இரண்டுக்கும் ஒரே பை, ஒரே சிரிப்பு.

“மாமா, ரெண்டு பிளான் இருக்கு. ரெண்டுமே மூணு லட்சம் கவர். ஒண்ணுக்கு வருஷத்துக்கு இருபத்தெட்டாயிரம் கட்டணும். இன்னொண்ணுக்குப் பத்தொன்பதாயிரம்.”

“என்ன வித்தியாசம்?”

“பத்தொன்பதாயிரத்துல ரூம் லிமிட் உண்டு. ஒரு நாளைக்கு மூவாயிரம் வரைக்கும்தான் ரூம் வாடகை. இருபத்தெட்டாயிரத்துல எந்த ரூம்ல வேணாலும் படுக்கலாம்.”

சாவி சிரித்தார். உலகத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைக் கொண்டுவந்து அவரிடமே விற்கப் பார்க்கிறானே!

“ஏன்டா, எங்கிட்டயே ரூம் விக்கிறியா? லிமிட்டைத் தாண்டினா என்ன, மேல ஆகிற ஆயிரமோ ரெண்டாயிரமோ நான் கட்டிட்டுப் போறேன். அதுக்குப் போய் வருஷா வருஷம் ஒன்பதாயிரம் அதிகமாக் கட்டுவாங்களா?”

“அப்படி இல்ல மாமா. லிமிட்டைத் தாண்டினா ரூமுல மட்டும் வெட்ட மாட்டாங்க, மத்ததுலயும் வெட்டுவாங்க. விகிதாசாரக் கழிவுன்னு ஒண்ணு இருக்கு.”

“அப்படின்னா?”

தம்பி தாளைத் திருப்பினான். மறுபடியும் திருப்பினான். “அது வந்து… விகிதாசாரமாக் கழிப்பாங்க மாமா.”

“ரொம்ப நல்லா விளக்கினடா” என்றாள் அக்கா, தையல் இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “வாழைப்பழத்தை உரிச்சு வாயில வச்ச மாதிரி இருக்கு.”

“டிரெயினிங்ல சொன்னாங்கக்கா. சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்த வகுப்பு அது. ஆனா அந்த சார் திரும்பத் திரும்பச் சொன்னாரு, வீட்டு ஆளுங்களுக்கு மட்டும் அந்த லிமிட் பிளானை வித்துடாதீங்கன்னு. மாமா, நான் நாளைக்கு ஆபீஸ்ல கேட்டு…”

உள்ளங்கை உயர்ந்தது.

“ஒரே கேள்வி. எதுல உனக்குக் கமிஷன் ஜாஸ்தி?”

தம்பி பொய் சொல்லத் தெரியாதவன். அதனால்தான் இரண்டு வியாபாரத்திலும் தேறவில்லை. “இருபத்தெட்டாயிரத்துலதான் மாமா” என்றான்.

“அவ்வளவுதான். பத்தொன்பதாயிரத்துக்கு எழுது.”

படிவத்தில் மூட்டுத் தேய்மானத்தை மறைத்துவிடலாம் என்று பார்த்தார் சாவி. அவருக்குத் தெரியாமல் அவளே வாங்கி அந்தக் கட்டத்தில் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதியதால் ஒரு நிபந்தனை வந்தது: மூட்டு மாற்றுக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கம்பெனி பணம் தரும்.

இரண்டு வருடம் காத்திருந்தாள். காத்திருந்தாள் என்று எழுதிவிடலாம், அரை வரிதான். மாவு வாங்க ஒரு தடவை, தையல் துணிக்கு ஒரு தடவை, குழாயில் தண்ணீர் வராத நாட்களில் குடத்தோடு நாலு தடவை என்று ஐம்பத்து நாலு படிகளை அந்த இடுப்போடு ஏறி இறங்கினாள். இடது காலை வைத்து, வலது காலைக் கையால் தூக்கிப் பக்கத்தில் வைத்து, மூச்சு வாங்கி, அடுத்த படி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடிச் சுவரில் அவள் சாய்ந்து நின்று நின்று ஓர் இடம் எண்ணெய்க் கறையாகவே ஆகிவிட்டது. சாவி பத்தொன்பதாயிரம் பத்தொன்பதாயிரமாகக் கட்டினார். அவள் தன் தவணையை இப்படிக் கட்டினாள்.

மூன்றாவது பிரீமியம் கட்டிய மாதம் எல்லாம் ஒன்றாகக் கூடி வந்தது. காத்திருப்புக் காலம் முடிந்தது. மருத்துவர் தேதி கொடுத்தார். தரைத்தளத்துக் குடும்பம் காலி செய்வதாகச் சொன்னது. வீட்டுக்கார அம்மாள் மேலே ஆளனுப்பிச் சொன்னாள்: “மாசக் கடைசி வரைக்கும் உனக்காக வச்சிருக்கேன். அதுக்கு மேல யாரு பணத்தை நீட்டினாலும் குடுத்துடுவேன். அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது.” பணம் ஒன்றரை லட்சத்தைத் தொட்டு இரண்டாயிரம் தாண்டியிருந்தது. சாவியின் மனைவி தம்பியை அனுப்பித் தரைத்தளத்து ஜன்னல்களை அளந்துவரச் செய்து, மூன்று ஜன்னலுக்கும் திரைச்சீலை தைத்து மடித்து வைத்தாள். வெளிர்நீலம். யாருக்கும் விற்பதற்கில்லாமல் அவள் தைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மருத்துவமனையின் அனுமதிக் கவுன்டரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அட்டை, காதில் ஒற்றைப் பொட்டுத் தோடு, எதிரே கணினி. சாவி இடுப்பில் கை வைத்து அந்தக் கவுன்டரை ஒரு சுற்றுப் பார்த்தார். பளிங்கு மேல்தளம், பேனாவைக் கட்டிவைத்த சங்கிலி, பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள் சூப்பர்வைசர். தொழில்காரர் தொழிற்கூடத்தைப் பார்க்கிற பார்வை. மனைவி சக்கர நாற்காலியில் பக்கத்தில் இருந்தாள்.

பெண் பாலிசி அட்டையைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள். “ரெண்டு பேர் தங்கற ஷேரிங் ரூம் இருக்கு சார். ஒரு நாளைக்கு மூவாயிரம். உங்க பாலிசிக்குச் சரியா இருக்கும். போட்டுடட்டுமா?”

முதலில் காட்டுகிற அறை.

“வேற என்ன இருக்கு?”

“தனி ரூம் இருக்கு. அஞ்சாயிரத்து ஐந்நூறு. ஆனா சார்…” அவள் ஒரு தடவை பின்னால் திரும்பிச் சூப்பர்வைசரைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். “நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. உங்க பாலிசிக்குத் தனி ரூம் வேணாம் சார்.”

சாவிக்கு உள்ளே மணி அடித்தது. ‘நான் சொன்னேன்னு சொல்லாதீங்க’ என்பது அவரே ஒரு நாளைக்கு இரண்டு தடவை உபயோகிக்கும் வசனம். குரலைத் தாழ்த்துவதும் அப்படித்தான், முதலாளி அறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதும் அப்படித்தான். நல்ல அறையை வழக்கமாக வரும் பெரிய ஆட்களுக்காக ஒளித்துவைக்கும்போது அவர் செய்வதையெல்லாம் இந்தப் பெண் வரிசை மாறாமல் செய்கிறாள். பாம்பின் கால் பாம்பறியாதா?

“ஏம்மா, தனி ரூமை யாருக்கு எடுத்து வச்சிருக்கே?” என்றார் புன்னகையோடு.

“யாருக்கும் இல்ல சார். தனி ரூம் போனீங்கன்னா ரூம் வாடகையோட முடியாது. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாமே அந்த ரூம் ரேட்டுக்குத் தகுந்த மாதிரி ஏறும். அதுக்கு மேல கம்பெனிக்காரங்க மொத்த பில்லுலயும்…”

உள்ளங்கை உயர்ந்தது.

“அம்மா. நானும் கவுன்டர்தான். இருபத்தாறு வருஷம்.”

“இல்ல சார், முழுசாக் கேளுங்க…”

“கையைக் காட்டினேன்ல?”

“அந்தப் பொண்ணு என்னமோ சொல்லுதுங்க” என்றாள் மனைவி கீழேயிருந்து. “முழுசா ஒரு தடவை கேட்டாத்தான் என்ன? நமக்கு ஷேரிங் போதும். பக்கத்துல ஒருத்தங்க இருந்தா எனக்கும் பேச்சுத் துணை.”

“நீ சும்மா இரு. பொழைக்கத் தெரியாதவ.”

கண்ணாடித் தடுப்பைத் தட்டிச் சூப்பர்வைசரையே வெளியே கூப்பிட்டார். சூப்பர்வைசர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு வந்தார். பத்து நிமிடம் பேரம் நடந்தது. சாவி வாசல் வரை போவது மாதிரி நாற்காலியைத் திருப்பினார், சூப்பர்வைசர் திரும்பக் கூப்பிட்டார். கடைசியில் ஐந்தாயிரத்துக்கு முடிந்தது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். சூப்பர்வைசர் முகத்தில் இருந்த சந்தோஷம் ஐந்நூறைக் குறைத்துக் கொடுத்தவனின் முகத்தில் இருக்க வேண்டிய அளவைவிட அதிகம். அதைக் கவனிக்க ஒரு கவுன்டர்க்காரருக்குப் பத்து வினாடி போதும். ஆனால் சாவி அப்போது ஜெயித்துக்கொண்டிருந்தார்.

பெண் ஒரு தாளை நீட்டினாள். அறைக் கட்டண விவரம் விளக்கப்பட்டது, புரிந்துகொண்டேன் என்று இருந்தது. அவர் சங்கிலிப் பேனாவை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பெண் அவரைப் பார்க்கவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தாள்.

அந்த ஐந்து நாளும் சாவிக்குப் பண்டிகை. குழாய்களைத் திறந்து வெந்நீர் எத்தனை வினாடியில் வருகிறது என்று பார்த்தார். மெத்தையின் ஓரத்தைத் தூக்கி நூலிழையைச் சோதித்தார். “நம்ம டீலக்ஸை விட நாலு மடங்கு. விருந்தாளிக்கு சோபா வேற!” என்று தொலைபேசியில் யாருக்கோ சொன்னார். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் அவளைப் பிடித்து நிற்கவைத்தார்கள். வலித்தது, ஆனால் பழைய வலி இல்லை. “புது வலி நல்லாத்தான் இருக்கு” என்றாள் நர்ஸிடம். நாலாம் நாள் ஏறுஇறங்கு பார்க்க வந்தார். சாவி அவருக்கு நோயாளியைக் காட்டுவதற்கு முன்னால் குளியலறையைக் காட்டினார்.

“எவ்வளவு இது?” என்றார் ஏறுஇறங்கு.

“சொன்னது அஞ்சரை. முடிச்சது அஞ்சு. லிமிட் மூணு. நாளைக்கு ரெண்டாயிரம் என் கையிலிருந்து, அஞ்சு நாளைக்குப் பத்தாயிரம். பொண்டாட்டிக்குப் பத்தாயிரம் செலவு பண்ணக் கூடாதா?”

“நீங்க பத்தாயிரம் செலவு பண்றீங்கன்னா நம்பவே முடியலண்ணே. எதுக்கும் நீங்களும் ஒரு ஸ்கேன் எடுத்துக்குங்க.”

கட்டிலில் இருந்தவள் சிரித்தாள். தையல் போட்ட இடம் இழுத்து, சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்குப் பில் வந்தது. கூட்டுத்தொகை மூன்று லட்சம். கீழே கம்பெனி அனுமதித்த தொகை: ஒரு லட்சத்து எழுபத்து நாலாயிரம். அதற்கும் கீழே நோயாளி செலுத்த வேண்டியது: ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம்.

சாவி அதைத் தப்பு என்று நினைத்து, சிரித்துக்கொண்டேதான் கணக்குப் பிரிவுக்குப் போனார். அங்கே இருந்த வழுக்கைத் தலைக்காரர் ஒரு நாளைக்கு முப்பது தடவை இதைச் சொல்லிச் சொல்லிக் குரலில் உப்பு உறைப்பு இல்லாமல் போனவர்.

“உங்க ரூம் லிமிட் மூவாயிரம். நீங்க எடுத்த ரூம் அஞ்சாயிரம். அப்போ அஞ்சுல மூணு. சரியா?”

“சரி. அது ரூமுக்கு.”

“ரூமுக்கு இல்ல. பில்லுக்கே. டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங், எல்லாத்துலயும் அஞ்சுல மூணு பங்குதான் கம்பெனி குடுக்கும். மிச்ச ரெண்டு பங்கு உங்களோடது. கையுறை, பஞ்சு, சாப்பாடு இதெல்லாம் ஒரு பத்தாயிரம், அதுக்கு அவங்க ஒண்ணுமே தர மாட்டாங்க. மீதி ரெண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துல அஞ்சுல மூணு போட்டுப் பாருங்க, கணக்கு வந்துடும்.”

“எங்க லாட்ஜ்ல டீலக்ஸ்ல படுத்தாலும் டீ பத்துதான்யா! ரூமுக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்? மூட்டு ஒண்ணுதானே? ரூம் மாறினா மூட்டு மாறுமா?”

“மூட்டு மாறாது சார். பில்லு மாறும். இதே ஆபரேஷனுக்கு ஷேரிங்ல ரெண்டே கால் லட்சம்தான் வந்திருக்கும். கம்பெனியே கட்டியிருக்கும். நீங்க அந்தப் பஞ்சுக் காசைக் கட்டிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.” அடுத்த தாளை எடுத்தவர், ஆறுதலாகவோ என்னவோ, தலையை நிமிர்த்தினார். “வாடகையை ஐந்நூறு குறைச்சிருக்கீங்க போல. நல்ல வேளை. இல்லேன்னா இன்னும் ஒரு பதினாறாயிரம் சேந்திருக்கும்.”

சாவி மைத்துனனைத் தொலைபேசியில் பிடித்து, பாலிசி விற்ற பாவத்துக்குப் பத்து நிமிடம் திட்டினார். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அதுதான் மாமா விகிதாசாரக் கழிவு. இப்பப் புரியுது” என்றான். குரலில் பாடம் புரிந்த மாணவனின் நிம்மதி இருந்தது. அதற்கும் தனியாகத் திட்டு விழுந்தது.

பிறகு அனுமதிக் கவுன்டருக்குப் போனார். அந்தப் பெண் இருந்தாள்.

“ஏம்மா, மொத்த பில்லுலயும் வெட்டுவாங்கன்னு தெளிவாச் சொல்லியிருக்கலாம்ல?”

அவள் கோப்பைத் திறந்து, அந்தத் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். “கையெழுத்து உங்களோடதுதானே சார்?” என்றாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவருக்குப் பின்னால் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

பணத்தைக் கட்டினால்தான் விடுவார்கள். அடுத்த நாளைக்கும் ஐந்தாயிரம் ஏறும். ஒன்றே கால் லட்சத்தை உடனே புரட்டுவதற்குச் சாவிக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அது அறைக்குள் சோபாவுக்கு எதிரே படுத்திருந்தது.

அவர் சொன்னதை அவள் முழுக்கக் கேட்டாள். நடுவில் கை காட்டவில்லை.

“வேற வழி?” என்றாள்.

“முதலாளிகிட்ட கேட்டேன். அட்வான்ஸ் ரெண்டு மாசச் சம்பளத்துக்கு மேல கிடையாதுங்கறார். அதுவும் அடுத்த மாசம்தான்.”

அவளுடைய கைப்பேசியில் வங்கியிலிருந்து ஆறு எண் வந்தது. கண்ணாடி பையில் இருந்ததால் கைப்பேசியைத் தள்ளிப் பிடித்து, எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். அவர் ஒவ்வொன்றாக அழுத்தினார். ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம் போயிற்று. இருபத்தாறாயிரம் மிஞ்சியது. போனதை ஏழால் வகுத்துப் பார்த்திருப்பாள். அவளுக்கு அந்தக் கணக்கு வேகமாக வரும்.

 சாவி தன் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டார். “ஒண்ணு தெரியுமா?” என்றார். “நான் மட்டும் ஐந்நூறு குறைக்காம விட்டிருந்தா இன்னும் பதினாறாயிரம் போயிருக்கும். அவரே சொன்னார்.”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தாள். புது மூட்டு இன்னும் அவ்வளவு திரும்ப விடவில்லை. அதனால் கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

மருத்துவமனையில் கொடுத்த தாளில் ஏழு அறிவுரைகள். மூன்றாவது: மாடிப்படிகளைத் தவிர்க்கவும்.

மதியம் மூன்று மணிக்கு, லாட்ஜ் வரவேற்பறையின் மர நாற்காலியில் அவளை உட்காரவைத்து நாலு பேர் தூக்கினார்கள். முன்னால் லாட்ஜ் சலவைக்காரரும் ஏறுஇறங்கும், பின்னால் தம்பியும் சாவியும். தரைத்தளத்து வீடு திறந்திருந்தது. உள்ளே ஒருவர் ஏணி மேல் நின்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஆனால் கட்டடத்தில் பணம் போன செய்தி படி ஏறுவதற்கு மூட்டு வேண்டியதில்லை. வீட்டுக்கார அம்மாள் வேறு ஆளிடம் முன்பணம் வாங்கிவிட்டிருந்தாள். நாற்காலி அந்தக் கதவைக் கடக்கிற வரைக்கும் அதில் இருந்தவள் உள்ளே பார்த்தாள். மூன்று ஜன்னல்.

“கொஞ்சம் சாய்ங்க, ஆங், திருப்பம்” என்று ஏறுஇறங்கு மூச்சிரைத்தார். பதினெட்டுப் படி முடிந்ததும் பழக்க தோஷத்தில், “முதல் மாடி!” என்றார்.

“மூணை அமுக்குங்கண்ணே” என்றாள் அவள். “நடுவுல நிறுத்தாதீங்க.”

சலவைக்காரருக்குச் சிரிப்பு வந்து பிடி நழுவப் பார்த்தது. சாவி மட்டும் சிரிக்கவில்லை. பின் காலைத் தூக்கியவர் அவர், பாரம் முழுக்க அவர் பக்கம்தான் சாய்ந்திருந்தது.

அன்றைக்கு மேலே போனவள் இறங்கவில்லை. ஆறு வாரம் என்றார்கள். ஆறு வாரம் முடிந்து பரிசோதனைக்குப் போக வேண்டும், அதற்கு மறுபடியும் நாலு பேர், நாற்காலி. ஒரு தடவை ஏறுஇறங்குக்கு விடுமுறை இல்லை, ஒரு தடவை சலவைக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பரிசோதனை தள்ளிப்போயிற்று, டாக்டர் பார்த்துச் சொல்லாமல் படியில் கால் வைக்க முடியாது. புது மூட்டு நன்றாக இருந்தது. ஜன்னலுக்கும் தையல் இயந்திரத்துக்கும் இடையில் ஒன்பது அடி, அதை அவள் வலியில்லாமல் நடந்தாள்.

தரைத்தளத்துக்குக் குடிவந்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. ஜன்னலுக்குத் துணி தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும் சாவி மேலே வந்து அலமாரியைத் திறந்தார்.

“அந்த நீலத் திரை சும்மாதானே கிடக்கு? அளவு அச்சா அந்த ஜன்னல் அளவு. வேற எங்க மாட்ட முடியும்?”

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது கவுன்டர் வழக்கம். எடுத்துக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் படியேறி வந்தார், முகம் மலர்ந்திருந்தது.

“டீச்சர் அறுநூறுன்னாங்க. எழுநூத்தைம்பதுக்கு முடிச்சேன்.”

இயந்திரத்தின் மேல் பணத்தை வைத்தார். அவள் எடுத்து எண்ணினாள். திரும்ப அவரிடமே நீட்டினாள்.

“இதைக் கொண்டுபோய் அந்த ஆஸ்பத்திரிக் கவுன்டர் பொண்ணுகிட்ட குடுத்துடுங்க.”

“எதுக்கு?”

“அவ பேச ஆரம்பிச்சதுக்கு.”

அவர் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் ஐந்து மணிக்கு வழக்கம்போல் பத்துச் சாவிகள் செய்தித்தாளுக்கு அடியில் போயின.

இப்போது தைத்த உறைகள் கீழே இறங்குவது கயிற்றில். கூடையில் ஐம்பது உறைகளைக் கட்டி, அவள் ஜன்னல் வழியாக விடுவாள். சாவி கீழே நின்று வாங்கி லாட்ஜுக்கு எடுத்துப் போவார். அவர் நிற்கிற இடம் தரைத்தளத்து ஜன்னலுக்கு நேர் முன்னால். முகத்துக்கு எதிரே அந்த வெளிர்நீலத் திரை.

போன வாரம் ஒரு காலை நேரத்தில் டீச்சர் திரையை விலக்கி, இதே துணியில் கதவுக்கும் ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். சாவிக்கு உற்சாகம் வந்துவிட்டது. துணி விலை, தையல் கூலி, கதவுக்குத் துணி அதிகம் பிடிக்கும் என்று தொடங்கினார். டீச்சர் நடுவில் ஏதோ சொல்ல வர, உள்ளங்கையை உயர்த்தினார்.

மூன்று மாடி உயரத்திலிருந்து கூடை வந்து தோளில் விழுந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். உறைகள் தெருவில் சிதறின.

“ஏன்டி!” என்று மேலே பார்த்துக் கத்தினார். “விடறேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

ஜன்னலில் அவள் கயிற்றின் மறுமுனையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“சொன்னேனே. நீங்கதான் கையைக் காட்டினீங்க.”